பதினோரு முடிச்சு

இந்தக் கோடையில் என் வீட்டில் இரண்டு பேர் பட்டதாரி ஆனார்கள். ஒருவனுக்கு வயது 5. படித்து முடித்தது யு.கே.ஜி. வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கி, குஞ்சம் தொங்கும் அட்டைத் தொப்பி, மேடை, ஒலிபெருக்கி, சுருட்டி ரிப்பன் கட்டிய காகிதம், புகைப்படக்காரர், ஒன்றுக்கும் குறைவில்லை. இன்னொருத்திக்கு வயது 34. படித்து முடித்தது பி.ஏ. தமிழ், தொலைநிலைக் கல்வியில். கல்யாணத்துக்காக இரண்டாம் ஆண்டில் நிறுத்திய படிப்பை, இரண்டு பிரசவங்களுக்கும் எத்தனையோ அரியர்களுக்கும் பிறகு முடித்தாள். அவளுக்கு விரைவுத் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் அரை மணி நேரம் கழித்துத்தான் உறையைப் பிரித்தாள்.

"அம்மாவுக்குத் தொப்பி எங்கே?" என்று சின்னவன் கேட்டான்.

நான் வங்கியில் குமாஸ்தா. மாலை நேரத்தில் விமர்சகன். கேட்கப்பட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் இரண்டு இடத்திலும் எனக்கு வாய்க்கவில்லை. அந்தத் தொப்பியும் அங்கியும் ஐரோப்பிய மத்திய காலத்து மடாலயக் கல்விக்கூடங்களிலிருந்து வந்தவை, நம் வெயிலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்று ஏதோ ஆரம்பித்தேன். பெரியவளுக்கு 8 வயது. அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். "தொப்பி வேண்டாம். நாம ஏதாவது செஞ்சு கொடுக்கலாம்" என்றாள்.

செய்து கொடுப்பது என்றதும் எனக்குக் குற்ற உணர்வு தட்டியது. காரணம் உண்டு. சின்னவனின் பட்டமளிப்பு விழாவுக்கு முன்னால் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஒவ்வொரு குழந்தையும் தன் ஆசிரியைக்குத் தன் கையாலேயே செய்த பரிசு ஒன்று கொண்டுவர வேண்டும். மார்ச் மாதம், வங்கியில் ஆண்டு முடிவு. நான் எழுதுபொருள் கடைக்குப் போனேன். ஐஸ்கிரீம் குச்சிகளால் செய்த புகைப்படச் சட்டம் ஒன்று தயாராகக் கிடைத்தது. 'கையால் செய்தது' என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. வாங்கிவந்து, பின்பக்கம் சின்னவனைப் பெயர் எழுதச் சொன்னேன். விழா நாளில் பரிசுகளை ஒரு மேஜையில் பரப்பி வைத்திருந்தார்கள். என் மகனுடையதைப் போலவே அச்சாக இன்னும் 6 இருந்தன. பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மேஜையைச் சுற்றிவந்தோம். போலி இலக்கியத்தைப் பற்றி 10 வருஷமாக எழுதிவருகிறவன் நான்.

யு.கே.ஜி.யில் இருக்கும் 'கே.ஜி.' ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியருடையது. 1837இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார். அங்கே குழந்தைகள் கையில் கொடுக்கப்பட்ட பொருட்களுக்கு அவர் இட்ட பெயர்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'பரிசுகள்' என்றே அவற்றை அழைத்தார். முதல் பரிசு கம்பளி நூலால் ஆன 6 நிறப் பந்துகள். பிறகு மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை. அதற்குப் பிறகு துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய கனசதுரங்கள். இவற்றோடு கையால் செய்யும் காரியங்களும் இருந்தன: காகிதம் மடித்தல், பின்னல், களிமண். ஃப்ராங்க் லாயிட் ரைட்டின் தாயார் 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் இந்தப் பரிசுகளைப் பார்த்து மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த மரக்கட்டைகள் தன் விரல்களில் தங்கிவிட்டதாகப் பின்னாளில் அந்தக் கட்டடக் கலைஞர் எழுதினார். பெரியவர் கொடுக்க, குழந்தை வாங்கிக்கொண்டு, அதைத் தன் கையால் வேறொன்றாக்கியது. அங்கே பரிசு ஒரு தொடக்கம். நம் மேஜையில் பரிசு ஒரு ரசீது.

எங்கள் வீடு தெப்பக்குளத்துக்குப் போகும் வழியில், காமராசர் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. சுற்றிலும் சௌராஷ்டிரக் குடும்பங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி இளவயதில் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். பெரியவள் பாட்டியிடம் போய் நின்றாள். தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்த்துப் பழகியவள் என்பதால், பெருமைப்படுத்த வேண்டியவர்களுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது அவள் அறிந்த உலக நியதி. அம்மாவுக்கு ஒரு பொன்னாடை வேண்டும். ஜரிகை போட்ட நைலான் பொன்னாடைகளின் கதி என்ன என்று நமக்குத் தெரியும். மேடையிலிருந்து பீரோவுக்கும், பீரோவிலிருந்து அடுத்த மேடைக்குமாக அவை கைமாறிக்கொண்டே இருக்கும். யார் தோளிலும் ஒட்டாது. பாட்டி, "சுங்குடியிலே போடலாம்டி" என்றார். நான் விளக்குத்தூண் பக்கம் போய் இரண்டு மீட்டர் மல் துணியும் அரக்குச் சாயப்பொடியும் வாங்கிவந்தேன். பரிசில் என் பங்கு அவ்வளவுதான் என்று எனக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது.

சுங்குடியின் சூட்சுமம் எளியது. கஞ்சி போக அலசி உலர்த்திய துணியில் புள்ளி வைக்கிறார்கள். புள்ளி இருக்கும் இடத்தை நகத்தால் கடுகளவு கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். நூலை அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். சாயத்தில் முக்கினால் நூல் இறுக்கியிருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த பிறகு துணியை இரு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து, நிறத்தின் நடுவே வெள்ளை வட்டம் பூக்கும். ஒவ்வொரு வட்டமும் கொஞ்சம் கோணல். ஒன்றைப் போல் இன்னொன்று இராது. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் கடைகளில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பாலானது மெழுகு அச்சு. அதில் வட்டங்கள் ஒழுங்காக இருக்கின்றன.

பாட்டி 160 புள்ளிகளைப் பென்சிலால் வைத்தார். வலது ஓரத்தில் 30 சின்னவனுக்கு, மிச்சமெல்லாம் பெரியவளுக்கு. என் மனைவிக்குத் தெரியாமல் பிற்பகல்களில் பாட்டி வீட்டுத் திண்ணையில் வேலை நடந்தது. பெரியவள் நாலு நாளில் கை தேர்ந்துவிட்டாள். சின்னவன் முதல் நாள் 7 முடிச்சு போட்டான். இரண்டாம் நாள் 4. மூன்றாம் நாள் சந்தில் பையன்கள் கோலி ஆடுகிற சத்தம் கேட்டதும் எழுந்து போனவன் திரும்பி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆக அவன் முடிச்சு 11. 19 புள்ளிகள் பென்சில் தடத்தோடு அப்படியே கிடந்தன.

எட்டாம் நாள் துணி சாயத்துக்குத் தயாராகிவிட்டது. அன்றிரவு அது என் அலுவலகப் பைக்குள் வீட்டுக்கு வந்தது. எல்லோரும் தூங்கிய பிறகு எடுத்துப் பார்த்தேன். அந்த வெற்று மூலை என்னை உறுத்தியது. அமைதி குலைகிறது, வடிவம் முற்றுப்பெறவில்லை என்று எத்தனை கவிதைகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். நூல்கண்டையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு முடிச்சு போட்டேன். ஏழாவதில் கண் எரிந்தது. படுத்துவிட்டேன்.

காலையில் பெரியவள் துணியை விரித்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். "இது நீங்க போட்டது."

"எப்படித் தெரியும்?"

"ஒவ்வொண்ணுக்கும் நூலை அறுத்து அறுத்துக் கட்டியிருக்கீங்க. தம்பி அறுக்க மாட்டான். அவனுக்குக் கத்தரி கொடுக்கறதில்லை."

நோட்டுக் கட்டுக்குச் சுற்றுக் காகிதம் போடுகிற கை என்னுடையது. ஒவ்வொரு கட்டும் தனி. அது அந்தத் துணியிலும் தெரிந்துவிட்டது. என் ஆறையும் அவள் பொறுமையாகப் பிரித்து எடுத்தாள். "இது தம்பி கொடுக்கறது" என்று மட்டும் சொன்னாள். இவ்வளவு சுருக்கமான ஒரு மதிப்புரையை நான் எழுதியதில்லை.

புறநானூற்றில் 208ஆம் பாட்டு பெருஞ்சித்திரனார் பாடியது. அதியமானைக் காண வந்த புலவருக்கு அவன் நேரில் பாராமலே பரிசில் கொடுத்தனுப்புகிறான். புலவர் மறுத்துவிடுகிறார். பொருளின் அளவில் அவருக்குக் குறையில்லை. என்னைப் பாராமல், என் தரம் அறியாமல் தந்ததை நான் எப்படி ஏற்பது என்பதுதான் அவர் வழக்கு. அறிந்து தந்தால் தினையளவும் போதும். பாடத்தில் படித்தபோது புலவனின் தன்மானம் என்று ஒற்றை வரியில் விடை எழுதிய பாட்டு அது. இப்போது பார்க்கையில், பரிசு என்பதற்கே ஓர் இலக்கணம் அதில் இருப்பதாகத் தோன்றுகிறது. பார்த்துத் தருவதுதான் பரிசு. ஐஸ்கிரீம் குச்சிச் சட்டத்தை வாங்கியபோது நான் அந்த ஆசிரியையை ஒரு கணமாவது நினைத்துப் பார்க்கவில்லை.

தருகிறவன் பாராமல் போவதைப்போல, பெறுகிறவர் பாராமல் போவதும் உண்டு. 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி அரையாடைக்கு மாறினார். 1947 நவம்பரில் எலிசபெத்தின் திருமணத்துக்கு, தாமே நூற்ற நூலில் பின்னிய ஒரு சிறு துணியை மௌண்ட்பேட்டன் வசம் அனுப்பினார். நடுவில் 'ஜெய் ஹிந்த்' என்று பின்னியிருந்தது. மணமகளின் பாட்டியாரான மேரி ராணி அதைக் காந்தியின் இடுப்புத் துணி என்று எண்ணி முகம் சுளித்தார் என்று சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். துணியைப் பார்த்தார், அதை நூற்ற கையைப் பார்க்கவில்லை.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் இதமாக இருந்திருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் நான் எங்கள் தலைமைக் காசாளரிடம் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன். சாயம் போட்டுக் கொடியில் உலரும் துணியின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். "புள்ளைங்க ரெண்டு பேரும் அவங்க கையாலயே கட்டுனதுண்ணே."

"நல்லாருக்கு தம்பி. மொத்தம் எத்தனை முடிச்சு?"

"நூத்தி நாப்பத்தொண்ணு."

"ஒரு குரோஸுக்கு மூணு குறையுது" என்றார்.

அவர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். தீப்பெட்டிக் கணக்கெல்லாம் குரோஸில்தான், 144. மெதுவாகச் சொன்னார். அவர் வீட்டில் அம்மாவும் தங்கையும் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டினார்கள். 1986இல் தங்கைக்கு எட்டு வயது, என் பெரியவளின் வயது. "எங்க வீட்டுல யாரும் அதை வேலைன்னு சொல்லலை தம்பி. அம்மாவுக்கு ஒத்தாசைன்னுதான் சொல்லுவாங்க." ஐந்தாம் வகுப்போடு தங்கை பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள். இவர் படித்தார். 1995இல் பி.காம். தேறியபோது தங்கை இவருக்கு ஒரு பரிசு கொடுத்தாள். லேபிள் ஒட்டாத, வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு தீப்பெட்டி, அவளே ஒட்டியது. உள்ளே மடித்து வைத்த ஒரு பத்து ரூபாய் நோட்டு. இன்னும் வைத்திருக்கிறார். நோட்டையும் மாற்றவில்லை.

பிறகு, "அந்தப் பெட்டியை மட்டுமா அவ ஒட்டுனா? என் பட்டமே அவ ஒட்டுனதுதானே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்து, 1923இல் சிவகாசியில் தொடங்கிய தொழில் அது. வானம் பார்த்த அந்தக் கரிசல் பூமியில் அது எத்தனையோ வீடுகளில் உலை ஏற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். இயந்திரத்தில் செய்யும் தீப்பெட்டியைவிடக் கையால் செய்யும் தீப்பெட்டிக்கு அரசு குறைந்த கலால் வரி விதித்தது. 'கையால் செய்தது' என்ற சொல் அங்கே ஒரு வரிச் சலுகை. அது யாருடைய கை என்று வரிக் கணக்கு கேட்கவில்லை. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' படத்தை நம் வட்டத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடை செய்தது. குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் பட்டறைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2016இன் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்றது. ஆனால் அபாயமில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, குழந்தை 'உதவலாம்'. சட்டமும் அந்தச் சொல்லில்தான் வந்து நிற்கிறது. காசாளரின் தாயார் சொன்ன சொல். நான் என் பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன சொல். இந்தப் பத்திரிகையின் சந்தா உறைகளில் தபால்தலை ஒட்டுவது என் பிள்ளைகள்தான் என்பதை ஆசிரியர் அறிவார். அதற்கும் நாம் இட்ட பெயர் உதவிதான்.

ஒரே சொல்லுக்குள் திண்ணையும் தீப்பெட்டியும் இருக்கின்றன என்றால் வித்தியாசம் எங்கே? கூலி என்று சொல்லிவிட முடியாது; தங்கைக்கு யாரும் கூலியைக் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். அன்பு என்றும் சொல்ல முடியாது. பத்து ரூபாயை மடித்துவைத்தவளிடம் இருந்ததைவிட அதிகமான அன்பு என் வீட்டுத் திண்ணையில் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. யோசித்துப் பார்க்கையில் ஒன்றுதான் தென்படுகிறது. கோலிச் சத்தம் கேட்டதும் சின்னவனால் எழுந்து போக முடிந்தது. போனதால் அவன் தட்டில் சோறு குறையவில்லை. அவளால் எழுந்து போக முடியவில்லை. பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடியவன் போட்ட முடிச்சு பரிசு. போக முடியாதவள் செய்தது பரிசு இல்லை என்று சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. பரிசு என்று சொல்லி நகர்ந்துவிடவும் வாய் வரவில்லை. காசாளர் முப்பது வருஷமாக அந்த நோட்டை மாற்றாமல் வைத்திருப்பதும் இதனால்தானோ என்னவோ.

என்னை இரவில் உறுத்திய அந்த வெற்று மூலையை இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். அந்த 19 புள்ளிகளையும் நான் நிரப்பியிருந்தால் துணி அழகாக இருந்திருக்கும். அதைச் செய்தவன் ஒரு குழந்தை என்பதற்கான ஒரே சாட்சியம் அழிந்துபோயிருக்கும். தங்கையின் தீப்பெட்டியில் ஒரு மூலைகூடக் கோணல் இல்லை என்று காசாளர் சொல்லியிருந்தார். எட்டு வயதிலேயே அவள் கை பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் மொட்டை மாடியில் பட்டமளிப்பு விழா நடந்தது. பாட்டிதான் வேந்தர். முடிச்சுகளைப் பிரிக்கும் வேலையைப் பிள்ளைகள் மேடையிலேயே வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்க, நூல்கள் தெறித்தன. அரக்கு நிறத்தில் வெள்ளை வட்டங்கள். பழுப்பு உறையிலிருந்து பட்டத்தை எடுத்துப் பாட்டி கொடுத்தார். பெரியவள் நாற்காலி மேல் ஏறித் துணியை அம்மாவின் தோளில் போர்த்தினாள். சாயம் சரியாக நிற்கவில்லை. என் மனைவியின் கழுத்தில் லேசாகச் சிவப்பு ஏறியது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. துணியை ஓரமாகப் பிடித்து வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், விடைத்தாள் திருத்துகிறவளைப் போல. வலது மூலைக்கு வந்ததும் நின்றாள்.

"இங்கே மட்டும் ஏன்டா ஒண்ணுமே இல்லை?"

"அங்கதாம்மா நான் விளையாடப் போயிட்டேன்" என்றான் சின்னவன்.

அவள் அந்த மூலையை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.